அருகிற் கண்ட பேருயிர்

கனடா நாட்டின் மேலைக் கடற்கரையில் வான்கூவர் என்னும் பெருநகரம் உள்ளது. அந்நகரின் ஒரு கோடியில், மூன்று புறமும் கடல் சூழ, நெடிதுயர்ந்த மரங்கள் அடர்ந்த ஸ்டான்லி பூங்கா விளங்குகிறது. அப்பூங்காவினுள் 1956ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கடல்வாழ் உயிர்க் காட்சிசாலை ஒன்று இருக்கிறது. விலங்குக் காட்சிசாலையில் புலியையும் யானையையும் கம்பிக்கு அப்பால் காண்பது போல, கடலில் வாழும் உயிர்களை இங்கே கண்ணாடிக்கு அப்பால் அருகிலிருந்து காணலாம்.

அக்காட்சிசாலையின் வாயிலை அடைவோரை முதலில் எதிர்கொள்வது ஒரு வெண்கலச் சிலையாகும். நீர்ப்பரப்பினின்றும் விண்ணோக்கித் துள்ளி எழும் ஒரு பெரிய கடல் விலங்கின் உருவம் அது. அதன் உயரம் ஏறத்தாழ 5.5 மீட்டர். ஹைடா என்னும் பழங்குடி மக்களின் கலைமரபில் வந்த பில் ரீடு என்ற சிற்பி அதனை வடித்தார். 1984ஆம் ஆண்டில் அச்சிலை அங்கு நிறுவப்பெற்றது. சிலையைக் கண்டு வியக்கும் சிறுவர், "உயிருள்ள விலங்கு உள்ளே எங்கே இருக்கிறது?" என்று வினவுதல் இயல்பு. ஆனால், காட்சிசாலை முழுதும் சுற்றி வந்தாலும் அவ்விலங்கை அங்குக் காண இயலாது. ஒரு காலத்தில் அஃது அங்கே இருந்தது, இன்று இல்லை. இருந்தது ஏன், இல்லாமற் போனது ஏன் என்னும் வரலாறு, மனிதர் உள்ளம் மாறிய வரலாறாகும்.

அவ்விலங்கிற்குக் கொலைத் திமிங்கிலம் என்று பெயர். ஓர்கா என்றும் வழங்குவர். திமி என்னும் பெருமீனையும் விழுங்க வல்லது திமிங்கிலம் என்பர். அத்தகைய திமிங்கிலத்தையும் கூட்டமாய்க் கூடி வேட்டையாட வல்லது என்பதனால் இதற்குக் கொலைப் பெயர் வந்தது. உண்மையில் இது மீன் அன்று.  டால்பின் என்று இக்காலத்தார் கூறும் ஓங்கில் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்துள் மிகப் பெரியது. நம்மைப் போலவே வெப்பக் குருதி உடையது. நுரையீரலால் மூச்சு விடுவது. ஒன்றரை ஆண்டளவு கருச்சுமந்து கன்று ஈன்று, பாலூட்டி வளர்ப்பது.

முதுகு மைபோற் கறுத்தும், வயிறு பால்போல் வெளுத்தும் இருக்கும். கண்ணுக்குப் பின்னே முட்டை வடிவில் ஒரு வெண்மறு உண்டு. வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பு ஓர் ஆள் உயரம் நிமிர்ந்து நிற்கும். ஆண் எட்டு மீட்டர் வரை நீண்டு, ஐந்து டன்னுக்கு மேலும் எடை பெறும். தாடைகளில் கூம்பு வடிவான உறுதிமிக்க பற்கள் வரிசையாக அமைந்திருக்கும். இத்துணைப் பெரிய உடலும் இத்துணைக் கூரிய பல்லும் உடைய விலங்கைத் தொலைவிலிருந்து மட்டுமே கண்டவர்கள் அதனைக் கண்டு நடுங்கியதில் வியப்பில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. இவ்விலங்கைப் பொறுத்தவரை அப்பழமொழி முற்றும் உண்மையாயிற்று. கடலில் இறங்குவோரைக் கிழித்துத் தின்னும் அரக்க உயிர் இஃது என்று மாலுமிகள் கருதினர். தமக்குரிய சால்மன் மீன்களைத் தின்று தீர்க்கும் பகை என்று மீனவர்கள் சினந்தனர். கண்ட இடத்தில் துப்பாக்கியால் சுட்டனர். 1960களின் தொடக்கத்தில் கனடா அரசின் மீன்வளத் துறையே இவற்றைக் கொல்லுதற்பொருட்டு ஒரு குறுகிய கடல்வழியின் கரையில் இயந்திரத் துப்பாக்கியை நிறுவியது. நல்வினைப் பயனாக அது சுடப்படவில்லை. கடலில் தன்னியல்பாய் வாழும் ஓர்கா ஒன்று மனிதனைக் கொன்றதாக உறுதியான சான்று இன்றுவரை இல்லை என்பதை அக்காலத்தார் அறியார்.

அந்நாளில் வான்கூவர் காட்சிசாலையின் தலைவராக இருந்தவர் மரே நியூமன். தம் காட்சிசாலையில் ஓர்காவின் முழு உருவச் சிலை ஒன்றை வைக்க அவர் விரும்பினார். சிலை வடிப்பதற்கு அளவெடுக்க ஓர் உடல் வேண்டும். ஆதலின், ஓர் ஓர்காவைக் கொன்று கொணருமாறு சாமுவேல் பியூரிச் என்னும் சிற்பியை அமர்த்தினார். சிற்பி சட்டுர்னா என்னும் தீவின் கரையில் எறியீட்டித் துப்பாக்கியைப் பொருத்தி, வாரக்கணக்கிற் காத்திருந்தார்.

1964ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16ஆம் நாள், ஓர்காக் கூட்டம் ஒன்று கரையை ஒட்டி வந்தது. ஈட்டி பாய்ந்தது. இளங்கன்று ஒன்றின் முதுகில் அது தைத்தது. ஆனால், கன்று இறக்கவில்லை. அடிபட்ட அதிர்ச்சியால் செயலற்று நீரில் ஆழத் தொடங்கிற்று. அப்போது, அங்கிருந்தோர் எதிர்பாராத நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. கூட்டத்தில் இருந்த வேறு இரண்டு ஓர்காக்கள் விரைந்து வந்து, அக்கன்றைத் தாங்கி, அது மூச்சு விடும்படி நீர்மட்டத்திற்கு உயர்த்திப் பிடித்தன. கொடிய விலங்கு என்று எவற்றைக் கொல்ல வந்தனரோ, அவை ஒன்றற்கொன்று உயிர்த்துணையாய் நின்றதைக் கொல்ல வந்தவர்களே கண்ணாரக் கண்டனர்.

செய்தி அறிந்து வந்த நியூமன், அதனைக் கொல்லாமல் உயிருடன் கொண்டு செல்லத் துணிந்தார். ஈட்டியிற் கட்டிய கயிற்றாலேயே பதினாறு மணி நேரம் இழுத்து வந்து, வான்கூவர் துறைமுகத்திலுள்ள கப்பல் செப்பனிடும் துறையில் அதனை அடைத்தனர். பெண் என்று கருதி, மோபி டால் என்று பெயரிட்டனர். அரக்க விலங்கைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்தனர். அவர்கள் கண்டதோ அரக்கத்தன்மை சிறிதும் இல்லாத ஓர் இளம் உயிர். அது வட்டமிட்டு நீந்தியது; எவர்மீதும் பாயவில்லை; இடைவிடாது கூவியது. ஐம்பது நாட்களுக்கு மேல் அஃது உணவு கொள்ளவில்லை. பின்னர், மனிதர் கையினின்றும் மீனைப் பெற்று உண்ணத் தொடங்கியது.

ஆயினும், அதன் வாழ்நாள் நீளவில்லை. ஆற்றுநீர் கலந்து உப்புக் குறைந்த துறைமுக நீர் அதற்கு ஒவ்வவில்லை. தோலில் நோய் படர்ந்தது. 1964 அக்டோபர் 9 அன்று அஃது உயிர் நீத்தது. இறந்த பின்னரே அஃது ஆண் என்பதை அறிந்தனர். அதன் பாலினைக்கூட அறியாத அளவிற்கு இருந்தது அக்காலத்து அறிவு.

அகப்பட்ட பின் மூன்று திங்களுக்கும் குறைவாகவே வாழ்ந்தாலும், மோபி டால் மக்கள் உள்ளத்தினின்றும் அச்சத்தைப் போக்கிச் சென்றது. ஆனால், அச்சம் நீங்கிய இடத்தில் உடனே அன்பு வந்து நிறைந்துவிடவில்லை. ஆசை வந்து புகுந்தது. "இது கொல்லும் விலங்கன்று, பழக்கலாம், காட்டலாம், பணம் ஈட்டலாம்" என்று பலரும் எண்ணினர். ஓர்காவைப் பிடித்து விற்பது ஒரு தொழிலாயிற்று.

1970ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்க நாட்டு வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பென் கோவ் என்னும் சிறு குடாவில் பெருங்கூட்டமாக ஓர்காக்களை மடக்கினர். படகுகளால் விரட்டி, வெடிகளால் வெருட்டி, வலையால் வளைத்தனர். தாயரினின்றும் கன்றுகளைப் பிரித்தனர். வலையிற் சிக்கிச் சில கன்றுகள் மூழ்கி இறந்தன. ஏழு கன்றுகள் விற்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான நான்கு வயதளவினதாகிய பெண்கன்று, டோக்கிட்டே என்னும் பெயர் பெற்று, நாட்டின் மறுகோடியில் உள்ள மயாமி நகருக்குச் சென்றது. அதனை வைத்திருந்த குளத்தின் நீளம் 24 மீட்டர். அகலம் 11 மீட்டர். மிக ஆழமான இடத்தில் ஆழம் 6 மீட்டர். வளர்ந்த டோக்கிட்டேயின் உடல் நீளமும் 6 மீட்டர். ஒரு நாளில் நூறு கிலோமீட்டரும் நீந்திக் கடக்கும் உயிர், தன் உடலை நான்கு முறை நீட்டி வைத்த அளவே உள்ள குளத்தில் 53 ஆண்டுகள் வாழ்ந்தது. உடனிருந்த ஆண் ஓர்கா 1980ஆம் ஆண்டில் இறந்தபின், தன் இனத்துணை ஒன்றும் இன்றியே வாழ்ந்தது. அதனைப் பிறந்த கடலுக்கே கொண்டு சேர்க்கும் திட்டம் 2023 மார்ச்சுத் திங்களில் அறிவிக்கப்பட்டது. ஆனால், அது நிறைவேறுமுன் அவ்வாண்டு ஆகஸ்டு 18 அன்று டோக்கிட்டே மறைந்தது.

இஃது ஒரு புறம். மற்றொரு புறம், அடைத்து வைத்த விலங்கை அருகிலிருந்து உற்று நோக்கியவர்களின் உள்ளம் மெல்ல மெல்ல மாறிவந்தது. வான்கூவர் காட்சிசாலையில் 1967ஆம் ஆண்டு முதல் ஸ்கானா என்னும் பெண் ஓர்கா இருந்தது. அதன் பார்வைத் திறனை அளப்பதற்காகப் பால் ஸ்பாங் என்னும் உளநூல் அறிஞர் அமர்த்தப்பட்டார். ஒரு கோட்டையும் இரு கோடுகளையும் காட்டி, சரியாகத் தேர்ந்தால் மீன் கொடுப்பது அவர் செய்த ஆய்வு. ஸ்கானா நெடுநாள் சரியாகவே தேர்ந்தது. திடீரென்று ஒரு நாள் தொடர்ந்து தவறாகவே தேரத் தொடங்கியது. விடை தெரியாமையால் அன்று, ஒரே வினாவைக் கேட்டுக் கேட்டுச் சலித்தமையாலேயே அவ்வாறு செய்கிறது என்று அவர் உணர்ந்தார்.

பிறிதொரு நாள் அவர் குளத்தங்கரையில் அமர்ந்து, கால்களை நீரில் தொங்கவிட்டிருந்தார். ஸ்கானா வந்து தன் பற்களால் அவர் பாதங்களை மெல்ல உரசியது. அவர் வெருண்டு கால்களை இழுத்துக்கொண்டார். மீண்டும் கால்களை இட்டார்; மீண்டும் உரசியது. இவ்வாறு பலமுறை நிகழ்ந்தது. இறுதியில் அவர் அச்சம் தெளிந்து கால்களை இழுக்காமல் இருந்தார். ஸ்கானாவும் உரசுவதை விட்டுவிட்டது. விலங்கை ஆராய வந்தவரை விலங்கே ஆராய்ந்து, அவரது அச்சத்தைப் போக்கியது போலும்!

இத்தகைய உயிரைக் குளத்தில் அடைத்தல் தகாது என்று ஸ்பாங் வெளிப்படையாகக் கூறினார். அதனால் தம் பணியையும் இழந்தார். பின்னர் 1970ஆம் ஆண்டில் ஹான்சன் என்னும் தீவிற்குச் சென்று, ஓர்காக்களைச் சிறைப்படுத்தாமல், நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இட்டு அவற்றின் குரலைக் கேட்டே ஆராயத் தொடங்கினார். திமிங்கில வேட்டைக்கு எதிராகக் கிரீன்பீஸ் என்னும் இயக்கம் 1975ஆம் ஆண்டில் பசிபிக் பெருங்கடலிற் படகுகளைச் செலுத்தியதற்கு அவரது தூண்டுதலும் ஒரு காரணமாயிற்று. வணிகத்திற்காகத் திமிங்கிலங்களைக் கொல்வதை நிறுத்திவைக்கும் முடிவை 1982ஆம் ஆண்டில் பன்னாட்டுத் திமிங்கில வேட்டை ஆணையம் மேற்கொண்டது. 1986ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது.

கனடா அரசின் அறிஞராகிய மைக்கேல் பிக் என்பவர் வேறொரு வழியில் உண்மையைக் கண்டார். ஓர்காக்கள் கடலில் ஆயிரக்கணக்கில் உள்ளன. சிலவற்றைப் பிடிப்பதால் குறைவு நேராது என்பது அன்றைய எண்ணம். பிக் 1971ஆம் ஆண்டில் கடற்கரை மக்கள் பலருக்கும் வினாத்தாள் அனுப்பி, குறித்த நாளில் தாம் கண்ட ஓர்காக்களை எண்ணித் தெரிவிக்கச் செய்தார். அப்பகுதியில் அவை சில நூறே உள்ளன என்பது புலனாயிற்று. பின்னர், முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும் அதன் பின்னுள்ள சாம்பல் நிற மறுவையும் புகைப்படம் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே இனங்கண்டார். மனிதர்க்குக் கைரேகை போல அவற்றிற்கு அத்துடுப்பு அடையாளமாயிற்று. தனித்தனியே அறிந்ததும் அவற்றின் குடும்பங்களும் விளங்கின.

அக்குடும்ப வாழ்க்கை வியப்பிற்குரியது. அப்பகுதியில் சால்மன் மீனை உண்டு வாழும் ஓர்காக்களுள், மகனும் மகளும் வாழ்நாள் முழுதும் தாயைப் பிரிவதில்லை. முதுமை எய்திய தாயும் பாட்டியும் கூட்டத்தை நடத்திச் செல்வர். ஒவ்வொரு கூட்டத்திற்கும் தனித்த ஒலி வழக்கு உண்டு. கன்றுகள் அதனைத் தாயிடமிருந்து கற்கின்றன. ஒரே கடலில் கடல்நாய்களை உண்டு வாழும் வேறு வகை ஓர்காக்களும் உள்ளன. அவை இவற்றோடு கலப்பதில்லை. மோபி டாலின் குரலை அன்று ஒலிநாடாவிற் பதிவு செய்து வைத்திருந்தனர். பல்லாண்டுகள் கழித்து ஜான் போர்டு என்னும் அறிஞர் அப்பதிவைக் கேட்டு, அஃது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதைக் கண்டறிந்தார். அக்கூட்டம் இன்றும் அதே கடலில் உலவுகிறது. அஃது உள்ளிட்ட தென்பகுதிக் குடும்பங்களிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவை பிடிபட்டும் இறந்தும் போயின. அவ்விழப்போடு சால்மன் மீன் குறைந்ததும், கப்பல் இரைச்சலும், நீரிற் கலந்த நஞ்சும் சேர்ந்தமையால், இன்று எஞ்சியுள்ளவை எண்பதுக்கும் குறைவே.

இவ்வாறு பெற்ற அறிவு வீண்போகவில்லை. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சியாட்டில் நகரை அடுத்த கடலில் தாயற்ற கன்று ஒன்று தனித்துத் திரிவதைக் கண்டனர். மெலிந்தும் நோயுற்றும் இருந்த அதன் குரலையும் அடையாளத்தையும் ஒப்பிட்டு நோக்கி, அது வடக்கே கனடாக் கடலில் வாழும் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் தெளிந்தனர். ஸ்பிரிங்கர் என்று பெயர் பெற்ற அக்கன்றைப் பிடித்து, மருத்துவம் செய்து, சூலைத் திங்களில் அதன் சுற்றம் உலவும் நீர்ப்பகுதிக்குக் கொண்டு சென்று விடுத்தனர். அப்பணியில் வான்கூவர் காட்சிசாலையும் பங்கு கொண்டது. ஸ்பிரிங்கர் தன் உறவினரோடு சேர்ந்தது, வளர்ந்தது, 2013ஆம் ஆண்டில் தானும் ஒரு கன்றுக்குத் தாயாயிற்று. 1964ஆம் ஆண்டில் கன்றைக் குடும்பத்தினின்றும் இழுத்து வந்த காட்சிசாலை, 2002ஆம் ஆண்டில் கன்றைக் குடும்பத்தோடு சேர்க்க உதவியது. இடையில் நிகழ்ந்த கல்வியின் பயன் அது.

அக்காட்சிசாலையில் பிறந்த ஓர்காக் கன்றுகள் ஒன்றும் நிலைத்து வாழவில்லை. அங்கிருந்த கடைசி ஓர்கா 2001ஆம் ஆண்டில் வேறிடம் சென்றது. ஓங்கில்களையும் திமிங்கிலங்களையும் காட்சிக்காகச் சிறை வைப்பதைக் கனடா நாடு 2019ஆம் ஆண்டில் சட்டத்தால் தடுத்தது. அந்நாட்டில் முன்னரே அடைபட்டிருந்த கடைசி ஓர்கா 2023ஆம் ஆண்டில் இறந்தது. நம் இந்திய நாடும் 2013ஆம் ஆண்டிலேயே, ஓங்கில்களை அடைத்துக் காட்டும் காட்சியகங்களுக்கு இசைவு தருதல் ஆகாது என்று மாநிலங்களுக்கு அறிவித்தது.

அவ்வாறாயின், கடற்பேருயிர்களை அருகிற் காணும் காட்சிசாலைகளே வேண்டா என்று கொள்ளலாமா? வான்கூவருக்கு இன்று செல்வோர் அங்கே வேறு உயிர்களைக் காண்கின்றனர். ஆயிரம் கிலோகிராம் வரை எடை பெறும் ஸ்டெல்லர் கடற்சிங்கங்கள் அவற்றுள் ஒன்று. வடபசிபிக் கடலின் மேற்குப் பகுதியில் இவ்வினம் பெரிதும் குறைந்தபோது, காரணம் அறிய வேண்டியிருந்தது. கொழுப்பு மிகுந்த மீனும் கொழுப்புக் குறைந்த மீனும் அவற்றின் உடலுக்கு எவ்வளவு பயன் தருகின்றன என்பதை, பழக்கிய கடற்சிங்கங்களின் துணையால் அளந்து அறிந்தனர். அலைகடலில் அவ்வாறு அளத்தல் அரிது.

கடல் நீர்நாய்களும் அங்கே உள்ளன. அவற்றின் அடர்ந்த மென்மயிருக்காக வேட்டையாடியதனால், அக்கரையில் அவ்வினம் முற்றும் அழிந்து போயிருந்தது. 1969ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டு வரை அலாஸ்காவிலிருந்து 89 நீர்நாய்களைக் கொணர்ந்து விட்டமையால் மீண்டும் தழைத்தது. தாயை இழந்து கரையொதுங்கிய குட்டிகள் சில காட்சிசாலையில் வளர்க்கப்பெற்றன. கடலில் தாமே வாழும் திறத்தைத் தாயிடம் கற்காத அவற்றிற்குக் காட்சிசாலையே புகலிடம். கரையொதுங்கும் கடல்நாய்க் குட்டிகளையோ, மருத்துவம் செய்து மீண்டும் கடலில் விடுகின்றனர்.

ஆகவே, அடைத்து வைத்தல் ஒன்றே குற்றம் என்றோ, அருகிற் காட்டுதல் ஒன்றே நன்மை என்றோ கூறிவிட இயலாது. இவ்வுயிர் இங்கே இருப்பது தன் நலம் கருதியா, பிறர் களிப்புக் கருதியா என்பதே கேட்டற்குரிய வினா. எந்த நாட்டில், எந்தக் காட்சிசாலைக்குச் சென்றாலும், கண்ணாடிக்கு அப்பாலுள்ள உயிரைக் காண்பவர் இவ்வினாவைத் தம் உள்ளத்தில் எழுப்புதல் வேண்டும். தொலைவில் நின்றபோது மனிதன் அஞ்சினான். அருகில் வந்தபோது ஆசைப்பட்டான். நன்கு அறிந்தபோதுதான் அன்பு கொண்டான். அறிவு முதிர்ந்து அன்பாகும்போது, பிடித்த கை தானே விடுகிறது.

அன்று ஒரு சிலைக்காக ஓர் உயிரைக் கொல்லச் சென்றனர். இன்று அக்காட்சிசாலையின் வாயிலில் சிலை நிற்கிறது. உயிர் கடலில் உலவுகிறது.